ரத்தம் வராத ஈறு

மார்ச் 4

பீப்பிக்கு,

போன் செய்யாதே. நீ விடாமல் அடித்ததில் போனை அணைத்து அலமாரிக்குள் போட்டுவிட்டேன். உன் குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன். சின்ன வயசிலிருந்து எனக்கு இருக்கிற வியாதி அது. எழுது. எழுத்தில் பொய் சொல்ல உனக்குச் சோம்பல்.

நேற்று கிளினிக் நாற்காலியிலிருந்து குதித்து, நெஞ்சில் கட்டிவிட்ட காகிதத் துண்டோடு தெருவில் ஓடினாய். அதைக் கழற்றினாயா, இல்லை ரயிலிலும் அப்படியேதான் உட்கார்ந்து போனாயா?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தப்பிருந்தால் திருத்து. போன வருஷம் உன் மேல்வரிசை முன்பற்கள் ரெண்டும் ஆடத் தொடங்கின. கிளாரினெட்டின் வாய்முனை வந்து உட்காருகிற இடமே அதுதான். பல் போனால் பிழைப்பும் போச்சு என்று நீயேதான் அழுதாய். எங்கள் கிளினிக்கின் பெரிய டாக்டர் உன்னைப் பார்த்துவிட்டு முடியாது என்றார். "சிகரெட் பிடிக்கறவங்களுக்கு நான் ஈறைத் திறக்கறதில்லம்மா. வெக்கற எலும்பு ஒட்டாது. ஈர மண்ணுல ஆணி அடிக்கற வேலை அது." நான்தான் நடுவில் விழுந்தேன். "டாக்டர், இவன் என் தம்பி. விட்டுட்டான். நான் பொறுப்பு" என்றேன். அந்தக் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் கேட்ட ஒரே சலுகை அது.

அக்டோபரில் என் கையாலேயே ஈறைத் திறந்து, வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கரைந்துபோன இடத்தில் எலும்புத் தூள் வைத்துத் தைத்தேன். நேற்று அளவுக் கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டேன். நல்ல ஈறாக இருந்தால் சட்டென்று நின்றுவிடும். உனக்கு அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நான் வைத்த எலும்பு போன இடம் தெரியவில்லை. அவ்வளவு ஆழத்தில் குத்தினால் ரத்தம் வரவேண்டும். உன் ஈறு வெளிறிப்போய், தடித்து, ஒரு சொட்டுகூட வரவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

"பிடிச்சியாடா?"

"சத்தியமா இல்லக்கா."

என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். வாயெல்லாம் புதினா மிட்டாய் வாசனை.

பெரிய டாக்டர் பக்கத்திலேயே நின்றிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

எப்போது மறுபடி தொடங்கினாய்? எங்கே? யாரோடு? மூன்றுக்கும் பதில் எழுது.

அக்கா


மார்ச் 11

டாக்டரம்மாவுக்கு,

காகிதத் துண்டை ரயில் நிலையத்தில்தான் கவனித்தேன். டிக்கெட் கொடுத்தவர் ஏதோ ஓட்டலில் பில் கொடுக்காமல் ஓடி வந்தவன் என்று நினைத்திருப்பார்.

முதலில் என் வழக்கைக் கேள். பயிற்சிக்கு வந்த பெண்கள் ரெண்டு பேர், உன் பெரிய டாக்டர், தண்ணீர் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு நர்ஸ். இத்தனை பேருக்கு நடுவே வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு "பிடிச்சியா" என்று கேட்டால் எவன்தான் ஆமாம் என்பான்? மைக் பிடித்து ஊருக்குச் சொல்லாத குறை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருக்கமாட்டேன் என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது.

சரி. பிடித்தேன். ஆனால் நீ நினைக்கிற மாதிரி நாக்கு ஊறிப் போய்ப் பிடிக்கவில்லை. அறுவைக்கு முந்தின மாதம் விட்டது நிஜம். பைத்தியம் பிடித்தவன் மாதிரி அலைந்தேன், அதுவும் நிஜம். தையல் பிரித்த பிறகுதான் ஆரம்பித்தது. பல் தேய்த்தால் வாஷ்பேசின் சிவப்பு. ஆப்பிளைக் கடித்தால் ஆப்பிள் சிவப்பு. ஒருநாள் காலையில் எழுந்தால் தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். பாக்கெட் பாக்கெட்டாக ஊதித் தள்ளின காலத்தில் பொட்டு ரத்தம் பார்த்ததில்லை. விட்டதும் இப்படி வந்தால் மனுஷன் என்ன நினைப்பான்?

நான் வாசிக்கிற நாடக அரங்கத்துக்குப் பின்னால், திரைத்துணி காயப்போடுகிற முற்றத்தில், டிரம் அடிக்கிறவன் ஒன்றை நீட்டினான். இழுத்தேன். மறுநாளும் இழுத்தேன். கொஞ்ச நாளில் ரத்தம் நின்றுவிட்டது. சிரிக்காதே, நான் ஏதோ மருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். உன்னிடம் சொன்னால் திட்டுவாய், எப்படியும் பல் சரியாகிக்கொண்டு வருகிறது, அப்புறம் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று இருந்தேன்.

பல் சரியாகவில்லை. மேல் ஸ்வரத்துக்குப் போனால் கிளாரினெட் கீச்சிடுகிறது. அழுத்திப் பிடித்தால் பல் நகருகிறது, பிடிக்காவிட்டால் காற்று ஒழுகுகிறது. பேண்ட் மாஸ்டர் எல்லார் முன்னாலும், "உடம்பு சரியில்லாதது உனக்கா, உன் வாத்தியத்துக்கா?" என்று கேட்டார். முதல் வாத்தியக்காரனாக இருந்த என்னை ரெண்டாம் நாற்காலிக்குத் தள்ளிவிட்டார்கள். மே மாதம் புது நாடகம். அதற்குள் சரியாகாவிட்டால் அந்த நாற்காலியும் இல்லை.

மறுபடியும் ஒரு தடவை பண்ணிவிடு அக்கா. எனக்கு இந்த வேலையை விட்டால் வேறொன்றும் தெரியாது.

பீப்பி


மார்ச் 17

பீப்பிக்கு,

முதலில் உன் கண்டுபிடிப்புக்குப் பதில். புகை, ஈறில் இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய்களை நெரித்துவிடும். உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும், வெளியே ரத்தம் மட்டும் வராது. சிகரெட்டை விட்டதும் குழாய்கள் திறந்துகொள்ளும். கொஞ்ச காலம் முன்பைவிட அதிகமாகவே ரத்தம் வரும். அது ஈறு பிழைத்து எழுகிற நேரம். அந்த நேரமாகப் பார்த்து நீ அதன் கழுத்தைத் திருகினாய். திருடனைப் பார்த்துக் குரைத்த நாயின் வாயைக் கட்டிவிட்டு, திருட்டு நின்றுவிட்டது என்று படுத்துத் தூங்கியிருக்கிறாய்.

இதையெல்லாம் அறுவைக்கு முன்பே உன்னை உட்காரவைத்துச் சொன்னேன். நீ நாற்காலியின் பொத்தானை அமுக்கி அமுக்கி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தாய்.

இது முட்டாள்தனம். முட்டாள்தனத்தை நான் மன்னித்துவிடுவேன், உன்னை வளர்த்த பழக்கம். ஆனால் கடிதத்தைப் படித்து முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது ஒன்று உறைத்தது. தையல் பிரித்த பிறகு நீ எங்கே இருந்தாய்? என் வீட்டில். நவம்பர் முடிகிற வரை பின்னறையில் படுத்துக்கொண்டு, கூழும் சூப்புமாக வாங்கிக் குடித்துக்கொண்டு இருந்தாய். அரங்கத்துக்கு டிசம்பரில்தான் திரும்பிப் போனாய். அப்படியானால் அந்தத் தலையணை உறை என்னுடையது. டிரம் அடிக்கிறவன் எந்தச் சுவரேறிக் குதித்து வந்து உனக்குச் சிகரெட் நீட்டினான்?

பகலெல்லாம் நான் கிளினிக்கில். வீட்டில் நீயும் உன் மாமாவும்தான். அவர் மாடிக் கொட்டகையில் படங்களுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருப்பார். வார்னிஷும் தின்னரும் அடுக்கியிருக்கிற இடத்தில் யாராவது தீக்குச்சி உரசினால் அவருக்குத் தெரியாமலா போகும்? அவரும் ஒரு காலத்தில் பிடித்தவர்தானே. கல்யாணமான வருஷமே எனக்காக விட்டவர். கேட்டேன். "எனக்கென்னம்மா தெரியும், நான் பாட்டுக்கு வேலையில இருப்பேன்" என்று சொல்லிவிட்டு ரம்பத்தைத் தேடினார். ரம்பம் அவர் கையில் இருந்தது.

சரியாக எழுது.

அக்கா


மார்ச் 22

அக்கா,

தேதியைக் குழப்பிவிட்டேன். டிசம்பர்தான். தலையணை என் அறைத் தலையணை. ரத்தம் வந்த காலம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது, அதைப் போய் விசாரணை நடத்துகிறாய்.

அதை விடு. இப்போது நாக்கு பட்டாலே பல் அசைகிறது. ஒத்திகையில் வாசிக்கிற மாதிரி விரலை மட்டும் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்துவிட்டது. எப்போது வரட்டும் என்று மட்டும் சொல்.

பீப்பி


மார்ச் 26

தலையணை உறை கிடைத்துவிட்டது. மாடிக் கொட்டகையில், வார்னிஷ் துடைக்கிற துணிகளுக்கு அடியில். நீலப் பூப்போட்டது, என் பின்னறைக் கட்டிலினுடையது. ஒரு பக்கம் வார்னிஷ், ஒரு பக்கம் உன் கறை.

அதை அங்கே கொண்டு போனது யார்? இனி ஒரு பொய் எழுதினால் உன் கடிதங்களைப் பிரிக்கமாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். உடைக்கிறேன். இந்தக் கடிதத்துக்காக மூன்று தாள் கிழித்தாயிற்று.

அன்றைக்குக் காலையில் நீ கிளம்பிப் போன பிறகு கறை பட்ட உறையைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மாமா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார். கையில் சிகரெட். நான் அவரைப் பார்த்து விழிக்க, அவர் என்னைப் பார்த்து விழிக்க, யார் முதலில் பேசுவது என்று தெரியவில்லை. நான்தான் உறையைக் காட்டி, "மாமா, ரத்தம்" என்றேன்.

"கத்தாத மாப்ள. எனக்கும் விட்டப்ப இதே கதைதான். கல்யாணமான புதுசு. வாயெல்லாம் ரத்தம். பயந்துபோய் ஒண்ணு இழுத்தேன், கொஞ்ச நாள்ல நின்னுடுச்சு. அன்னிலேர்ந்து ஒரு தொந்தரவும் இல்ல. நீயும் ஒண்ணு இழு."

"அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"அவ ஆறு மாசத்துக்கு ஒரு தடவ டார்ச் அடிச்சுப் பாக்கறா. ஒரு சொட்டு ரத்தமில்லன்னு ஊரெல்லாம் பெருமை பேசறா. ஈறு டாக்டர் அவ, அவளுக்கே தெரியல பாரு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆணி டப்பாவைத் திறந்து, ஆணிக்கு அடியிலிருந்து எனக்கும் ஒன்று எடுத்தார். உறையை வாங்கித் துணிக் கூடையில் போட்டார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம். தெருமுனையில் உன் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் அணைத்துவிடுவோம். அவர் கையைத் தின்னரில் துடைத்துக்கொள்வார், நான் கீழே வந்து மிட்டாயைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன்.

நான் அவரை நம்பினேன். ஈறு டாக்டரின் புருஷன் சொல்கிறார், அவர் பல் ஒன்றும் ஆடவில்லை, வேறென்ன சாட்சி வேண்டும்? கடைசி நாள் பை தூக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் குடும்பம் உன் வாயில இருக்கு மாப்ள" என்றார். அதனால்தான் டிரம்காரனை இழுத்தேன். அந்த அப்பாவி வாழ்க்கையில் சிகரெட்டைத் தொட்டதில்லை.

எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். நீதான் கேட்டுக் கேட்டு வாங்கினாய். நாளைக்கு வீட்டில் ஏதாவது ஆனால் என் தலையில் போடாதே. உன் கோபத்தில் ஒரு பங்கையாவது இனி அந்தப் பக்கம் அனுப்பு.

பீப்பி


ஏப்ரல் 9

பீப்பிக்கு,

உன் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். எதுவும் கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை கிளினிக்குக்கு வாங்க, யாரும் இருக்கமாட்டாங்க, பல்லு சுத்தம் பண்ணிவிடறேன்" என்றேன். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார்.

ஊரார் வாயிலெல்லாம் கம்பி விட்டு அளந்தவள், கட்டின புருஷன் வாயில் மட்டும் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். கிளினிக்குக்கு வந்தால் வேலை கெடும், வீட்டிலேயே பார் என்பார். நானும் பார்ப்பேன். முன்பக்கம் சுத்தமாக இருக்கும், ரத்தம் இருக்காது. ரத்தமில்லை என்றால் சந்தேகப்படு என்று பயிற்சிக்கு வருகிற பெண்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். அது அவர் வாய் என்பதால் எனக்குத் தோன்றவில்லை.

கடைவாயில் கம்பியை விட்டேன். இறங்கியது. அடுத்த பல், அதற்கடுத்த பல், எல்லாவற்றிலும் இறங்கியது. உன்னுடையதைப் போலவே வெளிறின, காய்ந்த ஈறு. கம்பியை வெளியே எடுத்து அவர் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு, "எத்தன வருஷம்?" என்றேன். விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "விட்டுட்டேன்னு சொன்னப்ப நீ அவ்வளவு சந்தோஷப்பட்ட. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல."

பன்னிரண்டு வருஷமாக என் சந்தோஷத்தைக் காப்பாற்றிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

சிகரெட்டை விடமுடியவில்லை என்று என் முன்னால் அழுதவர்கள் எத்தனையோ பேர். எல்லாரிடமும் ஒரே வசனம்தான் சொல்வேன். "எங்க வீட்டுக்காரரே விட்டார், உங்களால முடியாதா?" அதைக் கேட்டு விட்டவர்கள் இருக்கிறார்கள். தபால்காரர் விட்டார். வங்கியில் வேலை பார்க்கிற அந்த அம்மா விட்டார், ஈறு ஒட்டிக்கொண்டு இப்போது கரும்பு கடிக்கிறார். அவர்களெல்லாம் நிஜமாகவே விட்டார்கள். நான் காட்டின மனுஷர்தான் விடவில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் கருவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உன் மேலுள்ள கோபத்தில் பங்கு குறைக்கச் சொல்லியிருந்தாய். குறையவில்லை. அவர் எனக்குத் தெரியாமல் ஏமாற்றினார். நீயோ என்னை ஏமாற்றுவதைப் பார்த்துவிட்டு, மாடியிலிருந்து இறங்கி வந்து, என் கையால் சூப் வாங்கிக் குடித்தாய். "இன்னிக்கு எப்படிடா இருக்கு?" என்று தினமும் கேட்டேன். "நல்லாருக்குக்கா" என்றாய். எனக்கென்று இந்த உலகத்தில் இருந்தது நீங்கள் ரெண்டு பேர். ரெண்டு பேரும் ஒரே தொட்டிக்குப் பின்னால் இருந்திருக்கிறீர்கள்.

உனக்கு மறுபடி நான் அறுவை செய்யமாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். "அவளுக்கே தெரியல பாரு" என்று அவர் சிரித்தபோது, நீயும் சிரித்தாயா?

அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

சிரித்தேன்.

அவரைவிடச் சத்தமாகச் சிரித்தேன். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. நீ எல்லாம் தெரிந்தவளாக, எங்களுக்குப் பரீட்சை வைத்துக்கொண்டே இருப்பவளாக இருந்தாய். ஒரு நிமிஷம் நாங்கள் ஜெயித்த மாதிரி இருந்தது. இதற்கு மேல் எனக்கு விளக்கம் கிடையாது.

போன திங்கட்கிழமை ஒத்திகையில் நீளமான ஒரு ஸ்வரத்தைப் பிடித்தேன். இடது முன்பல் சாய்ந்து படுத்துவிட்டது. இங்கே ஒரு டாக்டர் எடுத்துவிட்டார். அவர் இடுக்கியைக்கூடத் தொடவில்லை, விரலாலேயே எடுத்தார். வலது பல்லில் இன்னும் கொஞ்சம் பிடிப்பு இருக்கிறது என்கிறார். என் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டான். பேண்ட் மாஸ்டர் இரக்கப்பட்டு இசைத் தாள்களை அடுக்கிக் கொடுக்கிற வேலை தந்திருக்கிறார். ஒத்திகை நடக்கும்போது பக்கத் திரைக்குப் பின்னால் நின்று கேட்கிறேன். என் பகுதியை அவன் நன்றாகத்தான் வாசிக்கிறான்.

உனக்கு முந்தின கடிதம் போட்ட அன்றைக்கே சிகரெட்டை விட்டுவிட்டேன். ரத்தம் வருகிறது, துப்பிவிட்டு வேலைக்குப் போகிறேன். நம்பு என்று சொல்லவில்லை. அந்த ஒரு பல்லையாவது காப்பாற்ற முடியுமா என்று கேட்கிறேன். நீ செய்யாவிட்டாலும் பரவாயில்லை. யாரிடமாவது சொல்லிவிடு.

பீப்பி


ஏப்ரல் 24

பீப்பிக்கு,

உன் முதல் வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன். இத்தனை கடிதங்களில் நீ சுற்றி வளைக்காமல் எழுதியது அந்த ஒரு சொல்தான். உன் பொய்கள் எதுவும் இவ்வளவு வலிக்கவில்லை.

உன் மாமா கொட்டகையிலேயே படுத்துக்கொள்கிறார். விட்டுவிட்டேன் என்கிறார். இருக்கலாம். வாயைத் திறந்து காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சாப்பாடு மேலே போகிறது, பாத்திரம் கீழே வருகிறது. இதற்கு மேல் இந்த வீட்டைப் பற்றி எனக்கே இன்னும் ஒன்றும் தெரியாது.

பெரிய டாக்டரிடம் பேசினேன். ஜூலை வரை நீ ஒன்றைக்கூடத் தொடாமல் இருந்தால், அந்தப் பல்லைத் தானே திறந்து பார்ப்பதாகச் சொல்கிறார். பல் போன இடத்தில் செயற்கைப் பல் கட்டிக்கொண்டு வாத்தியம் வாசிக்கிறவர்கள் உண்டாம், பழக நாளாகும் என்றார். ஒவ்வொரு தடவை வரும்போதும் எச்சில் பரிசோதனை உண்டு. புகைத்திருந்தால் அதில் காட்டிக் கொடுத்துவிடும். "இந்தத் தடவ பொறுப்பு யாரும்மா?" என்று கேட்டார். "யாரும் இல்ல டாக்டர். அவனே" என்றேன்.

அதனால் கிளம்பி வா. பின்னறையில் படுக்கை போட்டு வைக்கிறேன், கடிக்கத் தேவையில்லாததாகச் சமைத்தும் வைக்கிறேன். வலித்தால் எந்நேரமும் எழுப்பு. என்னிடம் நம்பிக்கையை மட்டும் கேட்காதே. அது இப்போது வீட்டில் இல்லை.

அக்கா